குழந்தைக்கு இதய ஆபரேஷன்: ரத்தக்கசிவும் உறைதல் பரிசோதனைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியிலிருந்து வந்தாலும் கோபியிலிருந்து வந்தாலும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோவைக்கு இதய அறுவை சிகிச்சைக்கு வரும் பெற்றோர் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில்களைத் தொகுத்திருக்கிறோம். இங்கே வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதை அதன் எடை, நோய், அன்றைய நிலை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவக் குழுதான் முடிவு செய்யும்.

ரத்தம் உறையற டெஸ்ட்டுன்னா என்னங்க? ஒரு தடவை எடுத்தாப் பத்தாதுங்களா?

ரத்தம் உறைவதைத் தறியில் துணி நெய்வது போல நினைத்துப் பாருங்கள். ஃபைப்ரினோஜென் என்ற புரதம்தான் நூல். உறைதல் காரணிகள் தறியை ஓட்டுகின்றன. பிளேட்லெட் என்ற தட்டணுக்கள் காயத்தை முதலில் அடைத்து, பிறகு அந்த நூல் வலையை இழுத்து இறுக்குகின்றன. மூன்றில் எது குறைந்தாலும் ரத்தம் கசியும்.

வழக்கமான பரிசோதனைகள் நான்கு. பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும் தறி ஓடத் தொடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பவை. மற்றவை பிளேட்லெட் எண்ணிக்கையும் ஃபைப்ரினோஜென் அளவும். வளர்ந்த குழந்தைக்கு பி.டி. சுமார் 11 முதல் 14 விநாடி, ஏ.பி.டி.டி. 25 முதல் 35 விநாடி, பிளேட்லெட் 1.5 முதல் 4.5 லட்சம், ஃபைப்ரினோஜென் 100 மி.லி.க்கு 200 முதல் 400 மி.கி. இருக்கும். லேப்புக்கு லேப் சற்று மாறும். ஆபரேஷனுக்குள் இந்த நான்குமே தலைகீழாகிவிடும் என்பதால்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்.

முன்னாடி எடுத்த டெஸ்ட் எல்லாமே நார்மலுங்க. அப்புறம் எதுக்குங்க பிளேட்லெட் ரெடி பண்ணச் சொல்றாங்க?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. முதல் நாள் எடுத்த பி.டி., ஏ.பி.டி.டி. நார்மல் என்பதால் மறுநாள் ரத்தம் கசியாது என்று சொல்ல முடியாது. அந்த இரண்டும் பிளேட்லெட்டை நீக்கிய பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில் செய்யப்படுபவை. முதல் நூல் உருவானதும் கடிகாரம் நின்றுவிடும். நெய்த துணி கெட்டியா, தொட்டால் கிழிந்துவிடுமா என்று அவற்றுக்குத் தெரியாது. இன்னொன்று, லேப்பில் பரிசோதனை 37 டிகிரியில் நடக்கிறது. குழந்தையின் உடலோ மேசையில் குளிர்விக்கப்பட்டிருக்கும். குளிரில் பிளேட்லெட் மந்தமாவது லேப் தாளில் தெரியாது.

முந்தைய நாள் பரிசோதனையின் வேலை வேறு: பிறவிக் குறை ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு ஒப்பிட ஓர் ஆரம்ப அளவைக் குறித்து வைப்பது.

பெரியவங்களுக்கும் அதே மிசின்தானுங்களே. எங்க குழந்தைக்கு மட்டும் ஏன் அதிகமா கசியும்ங்கறாங்க?

கணக்குப் போட்டால் புரியும். ஆபரேஷனின்போது இதயம், நுரையீரலின் வேலையைப் பார்க்கும் ஹார்ட்-லங் மிசினின் குழாய்களை முதலில் திரவத்தால் நிரப்ப வேண்டும். 60 கிலோ எடையுள்ள பெரியவர் உடலில் சுமார் 4,200 மி.லி. ரத்தம் இருக்கும். மிசினில் 1,200 மி.லி. திரவம் கலந்தால் ஃபைப்ரினோஜென் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். 3 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 85 மி.லி. வீதம் மொத்தமே சுமார் 255 மி.லி. ரத்தம்தான். குழந்தைகளுக்கான சின்ன மிசின் குழாயிலேயே 250 மி.லி. திரவம் பிடித்தால் எல்லாம் பாதியாகிவிடும். 220 இருந்த ஃபைப்ரினோஜென் 110 ஆகும், 3 லட்சம் பிளேட்லெட் 1.5 லட்சம் ஆகும். இது நீர்ப்பதால் மட்டும் வரும் குறைவு. இதற்கு மேல் பிளேட்லெட்டுகள் குழாயின் உட்சுவரில் ஒட்டியும் செயலிழந்தும் போகின்றன.

சிவப்பணு மட்டும் கலந்து குழாயை நிரப்பினால் ஹீமோகுளோபின் காப்பாற்றப்படும், உறைதல் பொருள்கள் வராது. ஆகவேதான் சின்னக் குழந்தைகளுக்கு அந்தத் திரவத்திலேயே பிளாஸ்மாவையோ முழு ரத்தத்தையோ சேர்க்கும் வழக்கம் உண்டு. எடை குறைவு, பச்சிளம் வயது, நீலம் பாய்ந்த இதயநோய், மிசினில் நீண்ட நேரம், 18 அல்லது 20 டிகிரி வரை ஆழமாகக் குளிர்விப்பது, முன்பே ஒருமுறை திறந்த நெஞ்சை மறுபடி திறப்பது – இவற்றில் எத்தனை ஒன்றுசேர்கின்றனவோ அத்தனைக்கு ரத்தக்கசிவை எதிர்பார்த்துத் தயாராகிறார்கள். எந்த லேப் எண்ணுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய கணிப்பு இதுதான்.

காது குத்துனப்ப ரத்தம் நிக்காம வந்துச்சான்னு கேட்டாங்க. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம் உண்டு. குலதெய்வக் கோவிலில் காது குத்தியது உங்கள் குழந்தைக்கு நடந்த முதல் உறைதல் பரிசோதனை. தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் கசிந்ததா, தடுப்பூசி போட்ட தொடை வீங்கிக் கன்றியதா, மூக்கில் அடிக்கடி ரத்தம் வருமா, பல் விழுந்தபோது அல்லது சுன்னத் செய்தபோது நிற்க நேரமானதா என்று எல்லாவற்றையும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். வீட்டில் பிறந்த குழந்தையானால் வைட்டமின் கே ஊசி போடவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

குழந்தையை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமனிடமும் கேளுங்கள். ரத்தம் சரியாக உறையாத பிறவி நோயான ஹீமோஃபிலியா தாய்வழியாக ஆண்களுக்கு வருவது. சின்ன வயதில் அந்த மாமனுக்கு முட்டி வீங்கியதா, பல் பிடுங்கி ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரியில் படுத்தாரா என்பது ஒரு லேப் ரிப்போர்ட்டுக்குச் சமம். அமுச்சியிடமும் (அம்மாவைப் பெற்ற பாட்டி) விசாரியுங்கள், குழந்தையிலேயே இறந்துபோன அண்ணன் தம்பிகளைப் பற்றி அவர்களுக்குத்தான் தெரியும்.

நாங்க சொந்தத்துலதாங்க கட்டுனோம். அதைச் சொல்லணுமுங்களா?

கட்டாயம் சொல்ல வேண்டும், தயங்க வேண்டியதில்லை. ஒரே கூட்டத்தில் (குலத்தில்) பெண் எடுப்பதில்லை என்றாலும் மாமன் மகள், அத்தை மகன் முறையில் திருமணம் நம் பக்கம் உண்டு. அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே குறை ஒளிந்திருந்து குழந்தையிடம் வெளிப்படும் நோய்கள் அப்படிப்பட்ட குடும்பங்களில் கூடுதலாகத் தெரிகின்றன.

அவற்றில் இரண்டு, வழக்கமான பரிசோதனைகளை ஏமாற்றிவிடும். பதின்மூன்றாம் காரணி இல்லாத குழந்தைக்கு பி.டி., ஏ.பி.டி.டி., பிளேட்லெட் எல்லாமே நார்மலாக வரும். ரத்தமும் உறையும், ஆனால் உறைந்த கட்டி உறுதிப்படாமல் கரைந்து, ஒன்றிரண்டு நாள் கழித்துக் கசியும். தொப்புளில் கசிந்த கதை இதற்குப் பெரிய துப்பு. யூரியா கரைசலில் உறைகட்டியைப் போட்டுக் கரைகிறதா என்று பார்ப்பார்கள். மற்றொன்று கிளான்ஸ்மன் நோய். இதில் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருக்கும், வேலை செய்யாது. யாரும் சொல்லாவிட்டால் இந்தப் பரிசோதனைகளை யாரும் கேட்டு எழுத மாட்டார்கள்.

நீலம் பாயற குழந்தைங்க. பி.டி. நெறைய கூடியிருக்குன்னு ஆபரேசனைத் தள்ளி வெச்சுட்டாங்க. நிசமாவே கோளாறுங்களா?

இருக்கலாம், டியூப்பின் கோளாறாகவும் இருக்கலாம். நீலக் குழந்தைகளுக்கு ஆக்சிஜன் குறைவை ஈடுகட்டச் சிவப்பணு பெருகி ரத்தம் கெட்டியாகிவிடும். நீல மூடி டியூப்பில் 2.7 மி.லி. ரத்தத்துக்கு 0.3 மி.லி. சிட்ரேட் (ரத்தம் உறையாமல் தடுக்கும் திரவம்) ஏற்கெனவே இருக்கும். அது சாதாரண ரத்தத்துக்கான அளவு. ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 60 சதவீதமானால் அந்த 2.7 மி.லி.யில் பிளாஸ்மா 1.1 மி.லி. கூடத் தேறாது. மிஞ்சிய சிட்ரேட் பரிசோதனையின்போது சேர்க்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, நேரம் பொய்யாக நீளும்.

ஹெமட்டோக்ரிட் 55க்கு மேல் போனால் சிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். கணக்கு இது: 0.00185 × (100 – ஹெமட்டோக்ரிட்) × ரத்தத்தின் மி.லி. மேலே சொன்ன குழந்தைக்கு 0.00185 × 40 × 2.7, அதாவது 0.2 மி.லி. ஆகவே 0.1 மி.லி.யை டியூப்பிலிருந்து எடுத்துவிட்டு ரத்தம் சேர்க்க வேண்டும். லேப்புக்கு ஹெமட்டோக்ரிட்டை முன்கூட்டியே சொன்னால்தான் இது நடக்கும். இப்படி எடுத்த பிறகும் நீண்டால் உண்மைக் குறைதான். நீலக் குழந்தைகளுக்கு பிளேட்லெட், ஃபைப்ரினோஜென் இரண்டும் குறைந்திருப்பதும் உண்டு.

பொறந்து பத்து நாளுங்க. ஏ.பி.டி.டி. 48ன்னு இருக்குது. பயப்படணுமுங்களா?

அதை மட்டும் பார்த்து வேண்டாம். பிறந்த குழந்தையின் கல்லீரல் உறைதல் காரணிகளை இன்னும் முழுதாகச் செய்வதில்லை. வைட்டமின் கே சார்ந்தவை பெரியவர்களின் அளவில் பாதிதான் இருக்கும். உறைதலைத் தடுக்கும் புரதங்களும் அதே போலக் குறைவு என்பதால் தராசு சமமாக நிற்கிறது. பெரும்பாலான அளவுகள் ஆறு மாத வயதுக்குள் பெரியவர்களை நெருங்கும். பெரியவர்களுக்கான நார்மல் அளவு அச்சிட்ட ரிப்போர்ட்டில் குழந்தையின் எண் தடித்த எழுத்தில் வந்தால், வயதுக்குரிய அளவோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள்.

காலையில பிளேட்லெட் 40 ஆயிரம், மத்தியானம் 2 லட்சமுங்க. எதை நம்பறது?

பெரும்பாலும் இரண்டாவதை. குழந்தையின் மெல்லிய நரம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் இழுக்கும்போது டியூப்புக்குள் போவதற்கு முன்பே சிறு கட்டி விழுந்துவிடும். பிளேட்லெட் அந்தக் கட்டிக்குள் மாட்டிக்கொள்வதால் எண்ணிக்கை குறைவாக வரும், ஃபைப்ரினோஜெனும் குறைவாகக் காட்டும். சிலருடைய ரத்தத்தில் ஊதா மூடி டியூப்பின் மருந்தாலேயே பிளேட்லெட்டுகள் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். கண்ணாடித் தட்டில் ஸ்மியர் பார்த்தால் கொத்து தெரிந்துவிடும்.

ஐ.சி.யூ.வில் இன்னொரு தவறு நடப்பது உண்டு. தமனிக் குழாய் அடைக்காமல் இருக்க, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்து கலந்த திரவம் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் வரும் ரத்தத்தைத் தனியே ஒதுக்காமல் டியூப்பில் நிரப்பினால் ஏ.பி.டி.டி. எங்கோ போய் நிற்கும். நீல மூடி டியூப்பைக் கோடு வரை நிரப்பாவிட்டாலும் பொய்யான முடிவு வரும், காரணம் நீலக் குழந்தை பற்றிய பதிலில் சொன்ன அதே சிட்ரேட் கணக்கு. கசிவே இல்லாத குழந்தைக்கு மோசமான எண் வந்தால் முதல் வேலை மறுபடி ரத்தம் எடுப்பது, பிளாஸ்மா ஏற்றுவது அல்ல.

தேட்டருக்குள்ள டெக், ரோட்டெம்னு ஒண்ணு போடறாங்களாமே. அது என்னங்க?

அரை மி.லி.க்கும் குறைவான முழு ரத்தத்தைச் சின்னக் கிண்ணத்தில் விட்டு, அது உறைய உறைய எவ்வளவு கெட்டியாகிறது என்பதைக் கோடாக வரையும் கருவிகள் இவை. ஜெர்மனியில் ஹெல்முட் ஹார்ட்டர்ட் 1948இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தவை. பிளேட்லெட், நூல், தறி மூன்றும் சேர்ந்து நெய்த துணியைச் சோதிப்பதால், பி.டி. சொல்லாததை இவை சொல்கின்றன. லேப் முடிவுக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். ரோட்டெமில் உறையத் தொடங்கிய பத்து நிமிடத்தில் 'ஏ10' என்ற உறுதி அளவு கிடைத்துவிடும்.

எப்போது எடுப்பது என்பது முக்கியம். மிசினை நிறுத்திய பிறகு எடுத்தால் காலதாமதம். குழந்தையை மறுபடி சூடேற்றும்போதே எடுக்க வேண்டும். அப்போது ரத்தம் முழுக்க ஹெப்பாரின் இருக்கும், அதைச் சிதைக்கும் ஹெப்பாரினேஸ் என்ற நொதியைக் கிண்ணத்தில் சேர்த்துவிடுவார்கள். உறைந்த பிளாஸ்மாவை 37 டிகிரி நீர்த்தொட்டியில் உருக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். முன்கூட்டியே தெரிந்தால் ரத்த வங்கிக்குத் தகவல் போய், மிசின் நிற்கும் வேளையில் பை கையில் இருக்கும்.

படிக்கும் முறை சுருக்கமாக: முழுத் துணியின் உறுதியைக் காட்டும் 'எக்ஸ்டெம்' கோடு மெலிந்து, நூலின் பங்கை மட்டும் காட்டும் 'ஃபிப்டெம்' கோடும் மெலிந்தால் (ஏ10 ஏறக்குறைய 8 மி.மீ.க்குக் கீழ்) ஃபைப்ரினோஜென் குறைவு, கிரையோ (பிளாஸ்மாவிலிருந்து பிரித்த, ஃபைப்ரினோஜென் செறிந்த பை) வேண்டும். ஃபிப்டெம் சரியாக இருந்து எக்ஸ்டெம் மட்டும் மெலிந்தால் பிளேட்லெட் வேண்டும். கோடு தொடங்கவே நேரமானால் பிளாஸ்மா அல்லது மிச்ச ஹெப்பாரின் பற்றி யோசிக்க வேண்டும்.

அப்ப அந்தக் கோடு நல்லா இருந்தா ரத்தம் போகாதுங்களா?

உறைதல் குறையால் போகும் வாய்ப்பு குறைவு என்று சொல்லலாம். யாருக்குக் கசியும் என்பதைவிட யாருக்குக் கசியாது என்பதை இக்கருவிகள் நன்றாகச் சொல்கின்றன. கோடு நன்றாக இருந்தும் ரத்தம் கொட்டினால் தையலில்தான் ஓட்டை இருக்கிறது என்று எண்ணி அறுவை நிபுணர் பார்க்க வேண்டும். ரத்தக்குழாயின் ஓட்டை எந்தக் கிண்ணத்திலும் தெரியாது.

கண்ணுக்குத் தப்புபவை வேறு இரண்டும் உண்டு. ஆஸ்பிரினின் விளைவு வழக்கமான டெக், ரோட்டெமில் தெரியாது, தனிப் பரிசோதனை வேண்டும். பிளேட்லெட்டைக் காயத்தில் ஒட்டவைக்கும் வான் வில்லிபிராண்ட் புரதத்தின் குறையும் தெரியாது. குறுகிய வால்வு வழியே ரத்தம் சீறிப் பாயும் குழந்தைகளுக்கு அந்தப் புரதம் துண்டாகிப்போவது உண்டு. வால்வைச் சரிசெய்தால் அதுவும் தேறும்.

எதுக்கு வம்புங்க, எல்லாத்தையும் முன்னாடியே ஏத்தி விட்டுரலாமில்லீங்களா?

கூடாது. கசியாத குழந்தைக்கு எண்ணைச் சரிசெய்ய மட்டும் ஏற்றுவது ஆபத்து. 3 கிலோ குழந்தைக்கு 15 மி.லி./கிலோ பிளாஸ்மா என்றால் 45 மி.லி., அதன் மொத்த ரத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். இப்போதுதான் தைத்த இதயம் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும், நுரையீரலில் நீர் கோக்கலாம். 3.5 மி.மீ. செயற்கைக் குழாயை ஷண்ட்டாக (நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் இணைப்பாக) வைத்த குழந்தைக்கு ரத்தம் அதிகமாக உறைந்தால் அந்தக் குழாயே அடைபட்டு உயிர் போகலாம்.

கசிவும் இருந்து பரிசோதனையும் குறை காட்டினால், குறைந்ததை மட்டும் கொடுப்பார்கள். பிளேட்லெட் சுமார் 10 மி.லி./கிலோ, கிரையோ 5 கிலோ எடைக்கு ஒரு பை அளவில். கசியும் குழந்தைக்குப் பொதுவாக பிளேட்லெட் 1 லட்சத்துக்கு மேலும் ஃபைப்ரினோஜென் 150 முதல் 200க்கு மேலும் வேண்டும் என்று பார்ப்பார்கள். உடலைச் சூடாக வைப்பது, கால்சியத்தைச் சரிசெய்வது இரண்டும் செய்யாமல் எத்தனை பை ஏற்றினாலும் பலன் குறைவு.

ஹெப்பாரினை முறிக்க மருந்து குடுத்தாச்சாம். ஆனாலும் ஏ.சி.டி. எறங்கலையாம், ஏனுங்க?

மிசினில் ஏற்றும்போது கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரின் கொடுத்து, ஏ.சி.டி.யை, அதாவது ஹெப்பாரினின் வேலையைக் காட்டும் உறைதல் நேரத்தை, 400 அல்லது 480 விநாடிக்கு மேல் வைத்திருப்பார்கள். முடிந்ததும் 100 யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 மி.கி. புரோட்டமின். அதற்குப் பிறகும் ஏ.சி.டி. இறங்காவிட்டால் உடனே இன்னும் புரோட்டமின் என்று ஓடக்கூடாது. அளவுக்கு மீறிய புரோட்டமினே உறைதலைக் கெடுக்கும். ஃபைப்ரினோஜென், பிளேட்லெட் குறைந்தாலும் ஏ.சி.டி. நீளும்.

ஹெப்பாரினேஸ் சேர்த்த கிண்ணத்தையும் சேர்க்காததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெரியும். சேர்த்ததில் மட்டும் நேரம் குறைந்தால் ஹெப்பாரின் மிச்சம். இரண்டிலும் நீண்டால் வேறு குறை. சில மணி நேரம் கழித்து, திசுக்களில் தங்கிய ஹெப்பாரின் மறுபடி ரத்தத்துக்கு வந்து கசிவதும் உண்டு.

நெஞ்சுக் குழாய்ல வந்துட்டிருந்த ரத்தம் சட்டுனு நின்னு போச்சுங்க. நல்லதுதானுங்களே?

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, நிறம் வெளுத்து நின்றால் நல்லது. நன்றாக வந்துகொண்டிருந்தது திடீரென நின்றால் நர்சிடம் அப்போதே சொல்லுங்கள். குழாய்க்குள் ரத்தம் கட்டியாகி, வெளியே வர வேண்டியது இதயத்தைச் சுற்றித் தேங்கி அழுத்தலாம். துடிப்பு வேகமாகும், ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர் குறையும்.

பொதுவாக ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 10 மி.லி., அல்லது தொடர்ந்து சில மணி நேரம் மணிக்குக் கிலோவுக்கு 5 மி.லி. வந்தால் மறுபடி தேட்டருக்குக் கொண்டுபோகலாமா என்று யோசிப்பார்கள். 10 கிலோ குழந்தைக்கு அது முறையே 100 மி.லி., 50 மி.லி. ஆகும். பெரியவர்களுக்கு இது சின்ன அளவு, அந்தக் குழந்தைக்கு அப்படியல்ல.

ஆஸ்பிரின் குடுத்துட்டு இருக்கோம். அமுச்சி பப்பாளி இலைச் சாறும் குடுக்கச் சொல்றாங்க. என்ன பண்றதுங்க?

ஆஸ்பிரின் தொட்ட பிளேட்லெட் அதன் ஆயுள் முடியும் 7 முதல் 10 நாள் வரை சரியாகாது. ஆகவே சிலருக்கு முன்கூட்டியே நிறுத்துவார்கள். ஷண்ட் உள்ள குழந்தைக்கு நிறுத்தினால் அது அடைபடலாம் என்பதால் தொடரவும் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம், கேளுங்கள். வலிப்புக்கு வால்ப்ரோயேட், காய்ச்சலுக்கு இபுப்ரொஃபென் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், இரண்டும் பிளேட்லெட்டைப் பாதிக்கும். பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கசாயம் எதுவும் வேண்டாம். வாந்தியெடுத்து நீர் வற்றினால் நீலக் குழந்தையின் ரத்தம் இன்னும் கெட்டியாகும்.

ரத்தத்துக்கு நாங்களே இருக்கோமுங்க. அப்பா, சித்தப்பா, மாமன் குடுத்தா ஆகாதுங்களா?

தாராபுரத்திலிருந்து வேன் பிடித்து உறம்பரையோடு வந்து ரத்தம் கொடுக்கும் மனசு பெரிது. அந்த ரத்தம் ரத்த வங்கி மூலம் வேறு நோயாளிக்குப் போய், உங்கள் குழந்தைக்கு உறவில்லாதவர் ரத்தம் கிடைப்பதே பாதுகாப்பு. நெருங்கிய உறவின் வெள்ளணுக்களைக் குழந்தையின் உடல் அந்நியம் என்று இனம்காணாமல் விட்டுவிடலாம். அவை தங்கிப் பெருகிக் குழந்தையையே தாக்கும். அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். உறவினர் ரத்தத்தையே ஏற்ற வேண்டியிருந்தால் முன்னதாகக் கதிர்வீச்சு செலுத்த வேண்டும்.

பிளேட்லெட் கொடுப்பவர் கடந்த மூன்று நாளில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. வேறு ரத்த வங்கியிலிருந்து நீங்கள் வாங்கி வரும்படி ஆனால் பிளேட்லெட் பையை ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். அது 20 முதல் 24 டிகிரியில், அசைந்துகொண்டே இருக்க வேண்டியது. பிளாஸ்மாவும் கிரையோவும்தான் உறைநிலையில் வர வேண்டும்.

எங்க ஆஸ்பத்திரியில அந்த டெக் மிசின் இல்லீங்களே?

அதனால் மட்டும் இடம் மாற வேண்டாம். சூடேற்றும்போது ஒரு பிளேட்லெட் எண்ணிக்கையும் ஃபைப்ரினோஜெனும் அனுப்பி, போனில் முடிவு வாங்கினாலே பாதி வேலை நடக்கும். கேட்க வேண்டியது இரண்டு: ஃபைப்ரினோஜென் இரவிலும் பார்க்கிறார்களா, ரத்த வங்கியில் கிரையோ இருப்பு உண்டா.

வீட்டுக்கு வந்துட்டோமுங்க. இனி ரத்தக்கசிவு பயம் இல்லீங்களே?

பெரும்பாலும் இல்லை. ஆனால் வால்வு வைத்து ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடும் குழந்தைக்கு ஐ.என்.ஆர். (பி.டி.யிலிருந்து கணக்கிடும் அளவு) குறித்த நாளில் பார்த்தே ஆக வேண்டும், இடுப்பில் ஊசி போட விடக்கூடாது. முதல் சில வாரங்களில் இதயத்தைச் சுற்றி மெதுவாக நீரோ ரத்தமோ சேர்வது உண்டு. பால் குடிக்க மறுப்பது, மூச்சு வாங்குவது, வெளுத்து வியர்ப்பது, சிறுநீர் குறைவது, காரணமில்லாமல் சோர்ந்து கிடப்பது – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துக்கொண்டு, எக்கோ பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு 108இல் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.